ஒலாவின் மச்சாள்

நோர்வே அரச குடும்பத்தில் தகப்பனும் மகனும் அடுத்தடுத்துத் தங்கள் அக்காமாரையே கல்யாணம் செய்துகொண்டார்கள் என்ற செய்தியை உலகத்தில் முதன்முதலாக வெளியிட்டவன் நான். இடம், ஒஸ்லோவின் புருசெத்தில் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை நடக்கும் மண்டபம். நாள், 2005 நவம்பர் 26, காலை பதினொரு மணி. செய்தியை ஒலிபெருக்கியில் வாசித்தவர் பாடசாலைப் பொறுப்பாளர் ஜெகதீஸ்வரன் ஐயா. வாசித்து முடிக்கும்வரை தான் என்ன வாசிக்கிறோம் என்பது அவருக்கும் தெரியாது.

மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க மற்றவர்கள் 'ஹலோ, ஹலோ' என்பார்கள். ஐயா கணக்கு வாத்தியாராக இருந்தவர், சொல்லை வீணாக்கமாட்டார். பக்கத்துச் சுவரில் அப்போதுதான் நாங்கள் ஒட்டியிருந்த பெரிய தாளைப் பார்த்து வாசித்தார்.

"1929ஆம் ஆண்டு பட்டத்து இளவரசர் ஒலாவ், சுவீடன் இளவரசியான தன் அக்கா மார்த்தாவை ஒஸ்லோ பேராலயத்தில் வைத்து..."

நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி மனதுக்குள் வாசித்தார். பிறகு "என்ன கோதாரி இது?" என்றார். மைக் நன்றாகவே வேலை செய்தது.

நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த அம்மாமார் அப்படியே நின்றார்கள். மறு சுவரில் ஒட்டுநாடாவோடு நின்ற பத்மநாதன் மாஸ்டர் கூப்பிட்டார். "சேர், இஞ்சை வந்து பாருங்கோ. தகப்பன்காரன் ஹோகோனும் அக்காவைத்தான் கட்டியிருக்கிறார். பரம்பரைப் பழக்கம் போலை கிடக்கு."

மண்டபம் சிரித்தது. நான் ஏணிக்குப் பின்னால் போய் நின்றேன். அது அலுமினிய ஏணி, ஆளை மறைக்காது.

நடந்தது இதுதான். நூறு வருடத்துக்கு முன்னால் இதே நவம்பரில் நோர்வேக்குப் புது ராஜா ஹோகோனும் மோட் ராணியும் கைக்குழந்தை ஒலாவோடு கப்பலில் வந்து இறங்கினார்கள். அந்த நூற்றாண்டை நாடே கொண்டாடியபோது எங்கள் பாடசாலை மட்டும் சும்மா இருக்குமா? 'கடல் கடந்து கட்டிக்கொடுத்த அரசகுமாரிகள்' என்று ஒரு கண்காட்சி. நோர்வேஜிய மொழியில் எழுதியது ஐயாவின் மகள் துஷாரா. இருபத்தாறு வயது, நூலகத்தில் வேலை. அதைத் தமிழாக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் கரூர்க்காரன், ஒரு கம்பெனியில் சாப்ட்வேர் எழுதுகிறவன், ஒஸ்லோ வந்து மூன்று வருடம். "உங்கடை தமிழ் படத்திலை வாற மாதிரி இருக்கு" என்று இங்கே யாரோ சொல்லப்போக, நானும் மறுக்கவில்லை. பொறுப்பை ஏற்றுக்கொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. இருபத்தாறு வயது, நூலகத்தில் வேலை என்று அதை மேலேயே சொல்லிவிட்டேன்.

துஷாரா எழுதியிருந்த சொல் 'குசீனே'. அது என் மண்டைக்குள் போனதும் கசின் ஆயிற்று. பெண் என்பதால் கசின் சிஸ்டர் ஆயிற்று. சிஸ்டர் என்றால் அக்காவா, தங்கையா? இங்கேதான் என் கடமையுணர்ச்சி விழித்துக்கொண்டது. பிறந்த வருடங்களைத் தேடிப் பிடித்தேன். மார்த்தா 1901, ஒலாவ் 1903. மோட் 1869, அவர் கணவர் 1872. இரண்டு இடத்திலும் பெண்தான் மூத்தவள். 'அக்கா' என்று அடித்துவிட்டு, வேறு யாராவது இவ்வளவு மெனக்கெடுவார்களா என்று எனக்கு நானே ஒரு காப்பி போட்டுக் குடித்தது ஞாபகம் இருக்கிறது.

ஒரு காகிதத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஒலாவுக்கு மார்த்தா அப்பாவின் தங்கை மகள். ஹோகோனுக்கு மோட்டும் அதே முறை. எங்கள் ஊரில் அத்தை மகள், முறைப்பெண். இங்கே இருக்கும் இலங்கைத் தமிழர் பேச்சில் மாமி மகள், மச்சாள். எனக்கே கரூரில் இரண்டு அத்தை மகள்கள் உண்டு, ஒருத்தியையும் நான் அக்கா என்று கூப்பிட்டதில்லை. ஆனால் கீபோர்டில் கை வைத்தால் மூளை இங்கிலீஷில் ஓட ஆரம்பித்துவிடுகிறது.

"தம்பி குமரன், இஞ்சை வாரும்" என்றார் ஐயா. மைக்கை அணைத்துவிட்டிருந்தார், அதுவே பயமாக இருந்தது. "மார்த்தாவின்ரை தாய் ஆர்?"

"இங்கெபோர்க். டென்மார்க் இளவரசி."

"ஒலாவின்ரை தகப்பன்?"

"ஹோகோன். பிறப்பால டென்மார்க் இளவரசர். அந்தம்மாவோட அண்ணன்."

"அண்ணன்ரை பெடியனுக்குத் தங்கச்சியின்ரை பெட்டை என்ன முறை?"

"மச்சாளுங்க ஐயா."

"மச்சாள். கட்டிற முறை. உமக்கு அது அக்காவைக் கட்டிற மாதிரியோ கிடக்கு?"

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. ஐயாவும் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. ஏணியில் நின்ற துஷாராவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீயோ இவருக்கு இப்பிடி எழுதச் சொன்னனி?"

"இல்லை அப்பா. அவர் தானா எழுதினவர்."

"தானா எழுதுவரோ ஒரு மனுசன் இப்பிடி?"

"ஐயா, நான் தானாவே இதைவிட மோசமா எழுதுவேன்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவர் நம்பவில்லை.

அவர் நம்பாததற்குக் காரணம் டொரோண்டோவில் இருந்தது. ஐயாவின் தங்கை ராசமலருக்குக் கவிசன் என்று ஒரு மகன். எண்பத்தேழில் இவர்கள் நோர்வேக்கு வந்தபோது ராசமலருக்கு விசா சரிவரவில்லை. பத்து வயதுப் பையனைக் கொழும்பில் அண்ணன் குடும்பத்தோடு ஏற்றிவிட்டாள். அவன் ஆறு வருடம் புருசெத்தில் இந்த வீட்டில் வளர்ந்தான். வந்தபோது துஷாராவுக்கு எட்டு வயது. அண்ணா, அண்ணா என்று அவன் பின்னாலேயே திரிந்தாளாம். பிறகு அவன் கனடாவில் தாயிடம் போய்விட்டான். போன வருடம் ராசமலர் பேச்சை எடுத்தாள். மாமி மகன், முறை, படித்தவன், தெரிந்த பிள்ளை. ஐயா சந்தோஷமாகச் சரி என்றார். அன்றிலிருந்து வீட்டில் ஒரு சட்டம், இனிமேல் கவிசனை அண்ணா என்று சொல்லக்கூடாது. துஷாரா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மே மாதத்துக்கு மண்டபம் பிடிக்க வேண்டும், முடிவு சொல்லுங்கள் என்று ராசமலர் அவசரப்படுத்தியதில், தவணை அன்றைக்கு மாலை நாலு மணி. அந்த நாளில் பார்த்துத்தான் நான் சுவர் முழுக்க அக்காவைக் கட்டியிருக்கிறேன்.

"மூண்டு மணிக்குக் கண்காட்சி பாக்க நோர்வேக்காரர் வருகினம்" என்றார் ஐயா. "நாலு மணிக்கு ராசமலர் எடுப்பாள். அதுக்குள்ளை இந்த ரெண்டையும் மாத்தி அடிச்சுக்கொண்டு வாரும். துஷாரா, நீயும் போ. இவரைத் தனிய விட்டால் இன்னும் எத்தினை குடும்பத்தைக் குழப்புவாரோ."

தன் மகளை என்னோடு தனியாக அனுப்ப அவர் ஒரு நொடியும் யோசிக்கவில்லை. அது என் நல்லொழுக்கத்துக்குக் கிடைத்த சான்றிதழா, வேறு எதற்காவதா என்று யோசித்துக்கொண்டே ரயில் நிலையம்வரை நடந்தேன்.

ரயிலில் அவள் ஜன்னல் ஓரம். நான் எதிரே உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தேன். உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பக்கத்திலிருந்த நோர்வேக்கார அம்மா தன் பையை மெல்ல நகர்த்திக்கொண்டார்.

"நாலு மணிக்கு என்ன சொல்லப் போறீங்க, துஷாரா?"

"கிறிஸ்தீனாவைப் பற்றி எத்தினை வரி எழுதினனீங்கள், குமரன் அண்ணா?"

இரண்டு வருடமாக நான் குமரன் அண்ணா. பெயரே போதும் என்று மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். மூன்று தடவையும் "சரி, குமரன் அண்ணா" என்றாள்.

"பன்னிரண்டு வரி" என்றேன்.

"அவவுக்கு அது காணாது. தகப்பன் நோர்வே ராசா. எழுநூற்றைம்பது வருசத்துக்கு முந்தி அவவை ஸ்பெயினுக்கு அனுப்பினவர். கப்பல், பிறகு குதிரை, மாசக்கணக்காப் பயணம். அங்கை ராசாவின்ரை தம்பிமாரைக் காட்டி, எவன் வேணும் எண்டு கேட்டவையாம்."

"பரவாயில்லையே. சாய்ஸ் குடுத்திருக்காங்க."

"ஓம். நாலு வருசத்திலை செத்துப்போனா."

நான் காலாட்டுவதை நிறுத்தினேன். பிறகு கேட்டேன். "உங்களுக்குக் கவிசனைக் காட்டிக் கேட்டாங்களா?"

"ஏன் காட்டவேணும்? அவற்றை கடைசிப் பால்பல்லு விழேக்கையே நான் பக்கத்திலை நிண்டனான்." ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். "மார்த்தாவின்ரை தாய் இருக்கிறா எல்லோ, இங்கெபோர்க்? ரெண்டு தகப்பன்மாரும் கதைச்சுச் செய்துவைச்ச கலியாணம். அம்பது வருசம் கழிச்சு, நான் முன்பின் தெரியாத ஆளைக் கட்டினனான் எண்டு சொன்னவவாம். எனக்கு எல்லாம் தெரிஞ்ச ஆள். ரெண்டிலை எது கஷ்டம் எண்டு யோசிச்சுக்கொண்டிருக்கிறன்."

"எது?"

"ஹெல்ஸ்ஃபிர் வந்திட்டுது" என்றாள்.

வந்துதான் இருந்தது. ஆனால் நாங்கள் இறங்க இன்னும் மூன்று நிலையம் இருந்தது. அவளிடம் எதைக் கேட்டாலும் இப்படித்தான். ஒரு இளவரசி வருவாள், இல்லாவிட்டால் ஒரு ரயில் நிலையம் வரும். அவளைக் குற்றம் சொல்ல எனக்கும் யோக்கியதை இல்லை. நான் கேட்க வந்ததை இரண்டு வருடமாக ஜோக்காகவே கேட்டுக்கொண்டிருந்தவன்.

குறொன்லாண்டில் சோதிலிங்கம் அண்ணையின் அச்சகம் கைகுலுக்கும் அகலத்தில் ஒரு கடை. சுவர் முழுக்கக் கல்யாண அழைப்பிதழ் மாதிரிகள்.

"வா பிள்ளை. உன்ரை கார்ட் எப்ப அடிக்கிறது? பிள்ளையார் வைக்கிறதோ, குத்துவிளக்கோ?"

"முதல்லை இதை அடியுங்கோ மாமா" என்று பென் டிரைவை நீட்டினாள்.

அவர் கணினியில் திறந்து வாசித்தார். சிரிப்பில் தோள் குலுங்கியது. ஒரு நிமிடம் திரும்பவேயில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, அக்காவைத் தூக்கிப்போட்டு என்ன போடுறது?" என்றார்.

"முறைப்பெண்" என்றேன்.

"அதென்ன தம்பி, பொலிசிலை முறைப்பாடு குடுத்த பொம்பிளை மாதிரி?"

"எங்க ஊர்ல அப்படித்தாங்க சொல்லுவோம்."

"உங்கடை ஊரிலை அக்கா எண்டும் சொல்லுவியளாக்கும். மச்சாள் எண்டு போடுவம்."

"மச்சாள்னா எங்க ஆளுங்களுக்குச் சட்டுன்னு புரியாது."

"உங்கடை ஆக்கள் எத்தினை பேர் வாறாங்கள்?"

எண்ணிப் பார்த்தேன். நான் ஒருவன்தான்.

"மச்சாள் எண்டே போடுங்கோ" என்றாள் துஷாரா. "அவைக்கு அது சரி."

சோதிலிங்கம் அண்ணை நாற்காலியைத் திருப்பினார். "அவைக்கு எண்டால்? வேறை ஆருக்குப் பிழை?"

"ஒலாவுக்கு மார்த்தா எப்பவும் மச்சாள்தான், மாமா. ஆறு வருசம் ஒரே வீட்டிலை அக்கா எண்டு கூப்பிட்டுப்போட்டு, ஒருநாள் காலமை, இனி அப்பிடிக் கூப்பிடாதை எண்டு அவருக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

அண்ணை அழைப்பிதழ் மாதிரிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தாளைச் சரிபார்க்கக் குனிந்துகொண்டார். நான் சுவரில் கோணலாக நின்ற ஒரு பிள்ளையாரை நேராக்கினேன்.

அவளே பேசினாள். "வேலையிலை கேட்டவை, 'ஃபெத்தரையோ கட்டப்போறாய்?' எண்டு. ஃபெத்தர் எண்டால் அவைக்குச் சித்தப்பான்ரை மகனும் அதுதான், மாமின்ரை மகனும் அதுதான். எங்களிலை அப்பிடி இல்லை, இது வேறை முறை எண்டு நான் படம் கீறிக் காட்டினனான். அழகா விளங்கப்படுத்தினனான். விளங்கப்படுத்திப்போட்டு கழிப்பறையிலை போய் நிண்டு அழுதனான்."

"இதை அப்பாட்டைச் சொன்னனியோ?" என்றார் அண்ணை.

அதற்கு அவள், வெட்டிய விளிம்பு நேராக இல்லை என்று காட்டினாள்.

திரும்பும் ரயிலில் சுருட்டிய தாளை நான் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் மார்கிரேத்தே ராணியைப் பற்றிச் சொன்னாள். பத்து வயதில் கட்டிக்கொடுத்த டென்மார்க் பிள்ளை, கோட்டைக்குள் இருந்து புருஷனுக்குக் கடிதம் எழுதியதாம், எனக்கும் என் ஆட்களுக்கும் சாப்பாடு இல்லை என்று. பின்னால் மூன்று நாட்டையும் ஆண்டவள் அவள். நான் "உம்" கொட்டினேன். உண்மையில் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாற்பது. இவள் சரி என்றால் மே மாதம் போய்விடுவாள். சரி என்று சொல்லாவிட்டால்? அந்த இரண்டாவது கேள்வியை நினைத்ததும் எனக்கே வெட்கமாக இருந்தது. ஒருத்தி கழிப்பறையில் நின்று அழுதேன் என்று சொல்கிறாள். இவன் அதில் தனக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்கிறான். ஆனாலும் பார்த்தேன்.

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மச்சாள் சுவரேறினாள். நோர்வேக்கார விருந்தினர் வந்தார்கள், வடை சாப்பிட்டார்கள், தமிழ் எழுத்து வட்டம் வட்டமாக அழகாக இருக்கிறது என்றார்கள். ஐயா அவர்களை மோட் ராணியிடமிருந்து மார்த்தாவிடம் கூட்டிப்போய் முறை விளக்கினார். படம் கீறிக்கூடக் காட்டினார். அந்தப் பக்கம் திரும்பாமல் துஷாரா வடைத் தட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு மோட் ராணியின் ஒரு மூலை கழன்று தொங்கியது. நானும் துஷாராவும் ஆளுக்கொரு பக்கம் தாளைப் பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தபோது ஐயா கைபேசியோடு வந்தார். வாய்ப்பக்கத்தைக் கையால் பொத்தியிருந்தார்.

"ராசமலர் லைனிலை நிக்கிறாள். நான் ஓம் எண்டு சொல்லட்டோ?"

"தாங்கோ அப்பா. நான் கதைக்கிறன்."

அவர் தயங்கினார். கொடுத்தார். நான் விலகியிருக்கலாம். ஆனால் விட்டால் ராணி விழுந்துவிடுவாள்.

"மாமி, நான் துஷாரா. ஓம், சுகம். மாமி, அவர் எனக்கு அண்ணா." கொஞ்சம் நிறுத்தினாள். அந்தப் பக்கம் ஏதோ வேகமாகக் கேட்டது. "முறை எனக்குத் தெரியும் மாமி. கொழும்பிலை நீங்கள்தானே எயார்போட்டிலை வைச்சு, அண்ணாவின்ரை கையை விடாதை பிள்ளை எண்டு சொன்னனீங்கள். நான் விடேல்லை. பிளேனிலை நித்திரையிலையும் விடேல்லை. இப்ப விடச் சொன்னால் எனக்கு ஏலாது. நான் கட்டமாட்டன்."

ஐயா கைபேசிக்குக் கை நீட்டினார்.

"அழாதேங்கோ மாமி. இல்லை, அவரிலை ஒரு குறையும் இல்லை. நானே அவருக்குச் சொல்லுறன். இல்லை மாமி, வேறை ஒருத்தரும் இல்லை." மறுபடி கேட்டாள். "இல்லை. அந்த இந்தியாக்காரப் பெடியனும் இல்லை."

ஒஸ்லோவிலிருந்து டொரோண்டோவரை என் புகழ் பரவியிருந்தது எனக்கு அன்றுதான் தெரியும்.

கைபேசியைத் தகப்பனிடம் கொடுத்துவிட்டு அவள் வெளியே போனாள். ஐயா தங்கையிடம் இரண்டு வார்த்தை சொல்லி வைத்தார். பிறகு பாலர் வகுப்புப் பிள்ளைகளின் சின்ன நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்தன. நான் திட்டுக்குத் தயாராக நின்றேன்.

"அந்தக் கையை விடாதை எண்டு சொன்னது எனக்கும் கேட்டது" என்றார். "நானும் பக்கத்திலைதான் நிண்டனான்." பிறகு, "நீர் வேணுமெண்டு எழுதேல்லைத்தானே?" என்றார்.

"சத்தியமா இல்லீங்க ஐயா. வெறும் முட்டாள்தனம்."

"ம். ஒரு தேத்தண்ணி கொண்டுவாரும்."

கொண்டுவந்து கொடுத்தேன். சீனி போட மறந்திருந்தேன். அவர் கவனிக்காமல் குடித்தார்.

துஷாரா வாசல் படியில் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். இருட்டிவிட்டிருந்தது. நவம்பரில் இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடும். கண் சிவந்திருந்தது, ஆனால் நின்ற விதத்தில் காலையில் இருந்த இறுக்கம் இல்லை. நான் இரண்டு படி இறங்கினேன், ஒரு படி ஏறினேன், மறுபடி இறங்கினேன்.

"ஏன் குட்டி போட்ட பூனை மாதிரி திரியிறியள்?" என்றாள்.

"இல்ல, போன்ல அந்த இந்தியாக்காரப் பையன்னு யாரையோ சொன்னீங்களே. பாவம், யாரு அவன்? நல்லவனா?"

"பகிடி விடாமல் கேளுங்கோ."

கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. நாக்கு நாலு ஜோக்கை முன்னால் தள்ளியது. நாலையும் விழுங்கினேன்.

"எனக்கு உங்களைப் பிடிக்கும், துஷாரா. ரெண்டு வருஷமா. உங்களைக் கல்யாணம் பண்ணிக்கணும்னு ஆசை. அந்தப் பையனும் இல்லைன்னு நீங்க உங்க அத்தைகிட்ட சொன்னது அவங்க சமாதானத்துக்கா, நிஜமாவா?"

அவள் தெருவைப் பார்க்கவில்லை. எந்த இளவரசியும் வரவில்லை. என் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"உண்மையாத்தான் சொன்னனான். உங்களோடை கதைக்க விருப்பம், சிரிக்க விருப்பம். ஆனால் கலியாணம் கட்ட விருப்பமில்லை. இண்டைக்கு மனசு சரியில்லை எண்டதாலை சொல்லேல்லை. நாளைக்குக் கேட்டாலும் இதுதான்."